உச்சரிப்பு அல்ல, எழுத்துதான் தடை

கேள்வி: ஸ்பீச் தெரபி பட்டம் பெற்று ஆறு வருடங்களாகக் குழந்தைகளுடன் வேலை செய்கிறேன். பிரிட்டன் போக ஆசை. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 8, எழுத்தில் 6.5, மொத்தம் 7.5. என் உச்சரிப்போடு அங்கே யார் வேலை தருவார்கள் என்று பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, விட்டுவிடாதீர்கள். பேச்சில் 8 வாங்கியிருக்கிறீர்கள். உச்சரிப்பு புரியாமல் போயிருந்தால் அந்த மதிப்பெண் வந்திருக்காது. உங்களைப் பிடித்து நிறுத்துவது எழுத்து.

பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. அவர்கள் இந்தத் தேர்வில் மொத்த மதிப்பெண்ணாக பிசியோதெரபிஸ்ட்டிடம் 7 கேட்கிறார்கள், நம்மிடம் 8. எந்தப் பிரிவும் 7.5-க்குக் கீழே போகக் கூடாது. கறார்தான். ஆனால் மொழியே நம் கருவி என்பதால் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. எழுத்தை 7.5-க்குக் கொண்டுவந்தால் சராசரி 7.875, அதை 8 என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு மதிப்பெண்!

பதிவு விண்ணப்பத்துக்காகக் கல்லூரியிலிருந்து பாடத்திட்டத்தையும், மேற்பார்வையில் செய்த பயிற்சி மணிநேரக் கணக்கையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். அப்புறம், பெரியவர்கள் பக்கமும் கொஞ்சம் போய்ப் பாருங்கள். அங்கே மருத்துவமனைப் பணியில் பக்கவாதம் வந்தவர்களின் விழுங்கும் சிரமத்தைக் கவனிப்பதும் நம் வேலையில் பெரிய பங்கு.

சரி, உச்சரிப்பு. அதை மாற்றத் தேவையில்லை; ஒலியைச் செய்துகாட்டும்போது மட்டும் கவனம் வேண்டும். கண்ணாடி முன் 'டீ' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி பின்னால் மடிந்து அண்ணத்தைத் தொடும். ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் அதே ஒலிக்கு நாக்கு மடியாது. மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டைத் தொடும், கூடவே மூச்சும் வெடித்து வரும். வாய்முன் ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள், அசைவது தெரியும். குழந்தை உங்கள் வாயைப் பார்த்துத்தான் கற்கப்போகிறது, அதனால் அந்த ஒலி உங்களுக்குக் கைவந்திருக்க வேண்டும்.

காதையும் பழக்குங்கள். லண்டன் குழந்தை 'வாட்டர்' என்பதில் நடு ஒலியைத் தொண்டையிலேயே நிறுத்திச் சொல்லும். அது வட்டாரப் பேச்சு. புதிதாகப் போகிறவர் அதைக் குறைபாடு என்று குறித்துவிட்டால், தேவையில்லாமல் ஒரு குழந்தை மாதக்கணக்கில் பயிற்சிக்கு வரும். உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில், தினமும் அரைமணி நேரம் அங்குள்ள குழந்தைகள் பேசுவதைக் கேளுங்கள்.