பெயிண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்: பழைய சைக்கிள் கேள்வி-பதில்

போன முறை பழைய சைக்கிள் பற்றி ஒரு பதிலில் இரண்டு வரி எழுதிவிட்டேன். நம்ம பக்கத்துக் கட்டுத்தறிகளில் இத்தனை சைக்கிள்கள் சாத்திக் கிடக்கின்றன என்று இப்போதுதான் தெரிகிறது. வந்த கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

அப்பாரு ஓட்டிய ஹெர்குலிஸ், இருபது வருசமாக மாட்டுச் சாளையில் கிடக்குதுங்க. கடையில் பெயிண்ட், ரிம், எல்லாப் பாகமும் புதுசாகப் போட 14,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
(கோபியிலிருந்து ஒரு வாசகர்)

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். முதலில் அரை மணி நேரம் நீங்களே அந்த வண்டியோடு உட்காருங்கள்.

கவிழ்த்து நிறுத்தி முன்சக்கரத்தைச் சுழற்றுங்கள். கரகரவென்று சுற்றினால் அச்சில் உருளும் பால்ஸும் (இரும்புக் குண்டுகள்) அவற்றைத் தாங்கும் கோனும் தேய்ந்திருக்கலாம், கிரீஸ் காய்ந்து மெழுகாகியும் இருக்கலாம். கழற்றிக் கழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம் வண்டியை நிமிர்த்தி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹேண்டில் கழுத்தில் 'லொடக்' என்றால் ஹெட் கப்பில், அதாவது கழுத்துக்குள் குண்டுகள் உருளும் கிண்ணத்தில் ஆட்டம். செயினில் 24 கண்ணி எண்ணி ஸ்கேல் வையுங்கள். சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால் செயினோடு பிரீவீலையும் (பின்சக்கரப் பல்சக்கரம்) மாற்றுங்கள். பழைய பிரீவீலில் புதுச் செயின் போட்டால் ஏறி ஏறிக் குதிக்கும்.

பிறகு கடைக்காரரிடம் "கழற்றிக் கழுவி கிரீஸ் வைக்கும் ஓவராயில் மட்டும் எவ்வளவு, டயர் டியூப் எவ்வளவு, பிரேக் கட்டை எவ்வளவு" என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய ரிம் துருப்பிடித்திருந்தாலும் தகடு கெட்டியாக இருந்தால் கோட்டம் எடுத்தாலே போதும். ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் கம்பி பிரேக் வண்டி என்பதால் பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கம்தான் உரசும். அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள்.

முக்கியமாக, பெடல் கிராங்கை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின்னைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு நாள் முன்பே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். நட்டைப் பின்னின் முனை வரை தளர்த்தி, கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்து, ஒரே அடி. முட்டுக் கொடுக்காமல் பத்து அடி அடித்தால் ஆக்சில் வளையும், பின் அப்படியே இருக்கும். ஹெர்குலிஸ் என்பதால் பாகத்துக்கு அலைச்சல் இல்லை. 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் ஊர் ஊராக விற்ற வண்டி அது.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? வீட்டிலேயே ஆட்டியது நிறைய இருக்கிறது.
(பொள்ளாச்சி)

மார்கழிக் காலையில் அந்த எண்ணெய் பாட்டிலுக்குள் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். செயினுக்குள்ளும் அப்படித்தான் உறையும். தலைக்குத் தேயுங்கள்.

"ஒரிஜினல் இங்கிலாந்து ராலே" என்று சொல்லி 22,000 ரூபாய்க்கு விற்றார். வீட்டுக்கு வந்து துடைத்தால் பெயர் ஸ்டிக்கர் கையோடு வருகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
(திருப்பூரிலிருந்து ஒரு வாசகி)

உங்களைக் குறை சொல்ல மாட்டேன் அம்மணி. ஸ்டிக்கரை அச்சடித்தே ஏமாற்றுகிறவனிடம் யாரும் விழுவார்கள்.

முதலில் வண்டி என்னவென்று உறுதி செய்வோம். பழைய ராலேயின் பெரிய பல்சக்கரத்தில் நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். கழுத்தில் உள்ள சின்னத்தில் நாட்டிங்ஹாம் என்று இருக்கும். பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) இருந்தால் அதன் மேல் பெரும்பாலும் வருடமும் மாதமும் எண்ணாகப் பொறித்திருக்கும். ஆனால் அது ஹப்பின் வயசுதான், சக்கரம் மாற்றிய வண்டியும் உண்டு. இன்னொரு அடையாளம் திருகு மரை. ராலே தன் ஹெட் கப்புக்கும் பெடல் ஆக்சில் கப்புக்கும் அங்குலத்துக்கு 26 மரை போட்டது, மற்ற பெரும்பாலான வண்டிகளில் 24. (24 கப்பை 26-க்குள் முறுக்கி ஏற்றும் மேஸ்திரியிடம் மட்டும் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.) அசன்சோலில் சென்-ராலே ஆலை செய்த வண்டிகளும் உண்டு. அவை போலி இல்லை, ஆனால் இங்கிலாந்து வண்டியும் இல்லை.

விற்றவருக்கு இதுவே தொழில் என்றால் நீங்கள் நுகர்வோர். விளம்பரம், உரையாடல், பணம் போன ரசீது எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வீட்டுச் சைக்கிளை ஒருமுறை விற்ற தனி ஆள் என்றால் அந்த ஆணையம் உதவாது. மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

போட்டோ நன்றாக இருந்ததால் 5,000 அட்வான்ஸ் ஜிபேயில் போட்டேன். இப்போது போன் சுவிட்ச் ஆஃப். நேரில் பார்க்க நேரமில்லை.
(ஈரோடு)

பணம் அனுப்ப நேரம் இருந்ததே! 1930-க்கு உடனே அழையுங்கள், சைபர் குற்றப் புகார் எண் அது. அடுத்த முறை பஸ் ஏறுங்கள்.

பவுடர் கோட்டிங் கொடுத்த ஃபிரேம் பளபளவென்று வந்தது. ஆனால் ஆக்சில் கப் உள்ளே ஏறவில்லை, ஃபிரேம் நம்பரும் மூடிப்போனது. "எங்க வேலை கோட்டிங் மட்டும்" என்கிறார்கள். பில் இல்லை.
(பெருந்துறை)

கோட்டிங் கொடுக்கும்போது மரைகளை அடைக்க வேண்டும் என்பது அந்த வேலையின் பாலபாடம். அடைக்காமல் சூளையில் சுட்டால் பவுடர் உருகி மரைக்குள் இறுகிவிடும். கோவை கணபதிப் பக்கம் நல்ல லேத் பட்டறையில் டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்யலாம். அந்தச் செலவைக் கோட்டிங் கடையிடம் கேளுங்கள், இது சேவைக் குறைபாடு. பில் கொடுக்க மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஜிபே பதிவு இருந்தால் பணம் கொடுத்ததற்கு அதுவே சாட்சி.

சரி, பேச்சு பெயிண்டுக்கு வந்துவிட்டது. என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக் கொள்கிறேன்.

கரூர்ப் பக்கம் ஒருவரிடம் 9,500 கொடுத்து ஒரு வண்டி வாங்கினேன். கிளிப்பச்சை, தங்கக் கோடு, கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. வாங்கி மூன்றாவது வாரம், கழுத்துக்குக் கீழே சாய்வுக் குழாயில் ஒரு முடி விழுந்திருந்தது. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். ஒரு ரூபாய் அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து வந்தது. அடியில் துருவேறிய விரிசல், அதற்குள் நகம் போனது. அதில் நான் என் பேரனை முன்னால் உட்கார வைத்துக் குளத்துக்கரை வரை போய் வந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து, புதுப் பெயிண்ட் அடித்த பழைய சைக்கிளை நான் தொடுவதில்லை. பெயிண்ட் அடித்தவன் எதையோ மறைக்கிறான் என்றே எடுத்துக்கொள்வேன். நேர்மையானவர்களும் இருக்கலாம், இருக்கட்டும். துருப்பிடித்த வண்டியில் விரிசல் கண்ணுக்குத் தெரியும், விலை பேசலாம். பழைய கறுப்பு எனாமலும் கையால் இழுத்த கோடும் ஒருமுறை சுரண்டினால் திரும்ப வராது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து மெழுகு பாலீஷ் போடுங்கள், பாதி வண்டி உயிர் பெறும். மேல் துரு பிடித்த குரோமுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்.

ஆன்லைனில் 28 அங்குல டயர் வாங்கினேன். ரிம்மில் உட்காரவே இல்லை. "திரும்பப் பெற மாட்டோம்" என்கிறார்கள்.
(தாராபுரம்)

பழைய டயரின் பக்கவாட்டைப் படித்தீர்களா? 28 x 1½ என்றால் ரிம் அளவு 635 மில்லிமீட்டர். இப்போதைய 700சி டயரையும் 28 என்றுதான் சொல்வார்கள், அது 622. பதின்மூன்று மில்லிமீட்டரை எந்தக் கம்பி வைத்து நெம்பினாலும் ஏற்ற முடியாது. விளம்பரத்தில் 28 x 1½ என்று போட்டுவிட்டு 622 அனுப்பியிருந்தால் அவர்கள் திரும்ப எடுத்தே ஆக வேண்டும். வெறும் 28-ஐப் பார்த்து நீங்கள் வாங்கியிருந்தால் தப்பு உங்களுடையது. 28 x 1½ பால்காரர் வண்டி அளவுதானுங்க, உள்ளூர்க் கடையிலேயே தொங்கும்.

பழைய டைனமோ லைட் வாங்கலாமா?
(காங்கேயம்)

வாங்கலாம். 6 வோல்ட் பல்பு ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டு போங்கள். கடையிலேயே ஒயரைக் கொடுத்து, டைனமோ தலையை விரலால் வேகமாகச் சுண்டுங்கள். பல்பு மினுக்கென்றால் காசு கொடுங்கள். நான் பல்பு கொண்டு போகாமல் மூன்று வாங்கினேன். ஒன்று எரிகிறது.