பழைய லென்ஸ் சாமான்கள், புதிய கேமரா

வணக்கம். பல வருடங்களாகக் கேனான் 550டி வைத்திருக்கிறேன். மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே மிரர் இல்லாத கேமராவுக்கு) மாற ஆசை. கையில் இருப்பவை: 18-55, 55-250, 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்கள், 58 மி.மீ. போலரைசர், யுவி, என்டி (ஒளி குறைக்கும்) ஃபில்டர்கள்; கேனான் 250டி குளோஸ்-அப் லென்ஸ்; 12, 20, 36 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப்கள் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் மாட்டும் வெற்றுக் குழாய்கள்), கேனானில் மாட்டும் வளையத்தோடு ஒரு பழைய எம்42 (திருகி மாட்டும்) லென்ஸ். எடுப்பது பெரும்பாலும் பூச்சிகளும் பூக்களும்தான். இவற்றில் எது தேறும்? எதை வாங்கலாம்?

கு.

அன்புள்ள கு.,

ஏறக்குறைய எல்லாமே தேறும். லென்ஸுக்கு முன்னால் திருகுபவற்றைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். விட்டம் பொருந்தினால் அவை எந்தக் கம்பெனி கேமராவிலும் வேலை செய்யும். லென்ஸுக்குப் பின்னால் மாட்டுபவைதான் கேமராவைத் தீர்மானிக்கின்றன. டியூப்களும் லென்ஸ்களும் ஈஎஃப் மவுண்ட் (கேனான் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் பொருந்தும் அமைப்பு) என்பதால், கேனானின் மிரர்லெஸ் மவுண்டான ஆர்எஃப் பக்கம் போவதே உத்தமம்.

ஈஎஃப் மவுண்டிலிருந்து சென்சார் வரை 44 மி.மீ.; ஆர்எஃப்பில் 20. இடையிலுள்ள 24 மி.மீ. இடைவெளியை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை. உள்ளே கண்ணாடி கிடையாது, ஆகவே ஒளியும் குறையாது, கூர்மையும் குறையாது. மின்தொடர்புகள் நேராகக் கடந்துபோவதால் ஆட்டோஃபோகஸும் அப்பர்ச்சரும் (ஒளி நுழையும் துவாரம்) வழக்கம்போல இயங்கும். சோனி, நிக்கான் மிரர்லெஸ்களுக்கும் ஈஎஃப் அடாப்டர்கள் கிடைக்கின்றன. ஆனால் அவை கேனான் லென்ஸின் மொழியைப் பெயர்த்துச் சொல்ல வேண்டும். எந்த லென்ஸ் எவ்வளவு வேகமாக ஃபோகஸ் ஆகும் என்பது வாங்கி மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பலரும் கோட்டை விடுவது சென்சார் அளவில். உங்கள் 18-55, 55-250 இரண்டும் ஈஎஃப்-எஸ், அதாவது சின்ன சென்சாருக்கானவை. ஃபுல்ஃப்ரேமான (பெரிய சென்சார் கொண்ட) ஆர்8-இல் மாட்டினால் கேமரா தானாகவே ஓரங்களை வெட்டிவிடும். 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது 9 சொச்சம்தான். 550டி தருவதே 18. எனவே ஏபிஎஸ்-சி எனப்படும் அந்தச் சின்ன சென்சார் உள்ள ஆர்10 அல்லது ஆர்7 வாங்குங்கள்.

டியூப்களை மாட்டும் வரிசை: கேமரா, அடாப்டர், டியூப், லென்ஸ். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் 36 மி.மீ. டியூப் 0.72 மடங்கு, மூன்றையும் சேர்த்தால் 1.36. அதே 36-ஐ 250 மி.மீ.யில் போட்டால் 0.14தான், வீண் வேலை. 18-55-இன் அகலக் கோடியிலோ ஃபோகஸ் புள்ளி லென்ஸுக்குள்ளேயே போய்விடும், எதுவும் தெளியாது.

டியூப்களில் மின்தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அப்பர்ச்சர் முழுதாகத் திறந்தே நிற்கும், எஃப்/1.8-இல் எறும்பின் ஒரு கண் தெளிந்தால் மறு கண் மங்கும். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: 550டி-யில் எஃப்/11 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்டு பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றுங்கள். இதழ்கள் மூடிய நிலையிலேயே நிற்கும். இந்த ஒன்றுக்காகவாவது பழைய கேமராவை உடனே விற்றுவிடாதீர்கள்.

250டி-தான் உங்கள் சாமான்களில் பொக்கிஷம். அதன் திறன் 4 டயாப்டர். லென்ஸ் இன்ஃபினிட்டியில் இருக்கையில், அதன் முன்னால் 25 செ.மீ. தள்ளியிருக்கும் பொருள் தெளியும். குவியத் தூரத்தை மீட்டரில் எடுத்து 4-ஆல் பெருக்கினால் உருப்பெருக்கம்: 250 மி.மீ.யில் சரியாக 1:1, அதாவது சென்சாரில் விழும் பிம்பம் பொருளின் அளவிலேயே இருக்கும். ஆனால் கேனான் இதைப் பரிந்துரைப்பது 50 முதல் 135 மி.மீ. வரையிலான லென்ஸ்களுக்கு, நீளக் கோடியில் ஓரங்கள் இளகும். எஃப்/11-க்கு மூடுங்கள். ஆர்10-ஓடு வரும் 18-45-இல், இன்ஃபினிட்டியில், இது 0.18 மடங்குதான். ஆகவே 55-250-ஐ விட்டுவிடாதீர்கள்.

அந்த 18-45-க்கு ஃபில்டர் விட்டம் 49. ஒரு 49-58 ஸ்டெப்-அப் வளையம் போதும். ஹுட் மட்டும் மாட்ட வராது. மாறாக 67 மி.மீ. லென்ஸில் 58 ஃபில்டரைச் சுருக்கி மாட்டினால் மூலைகள் கறுக்கும், குறிப்பாக அகலக் கோடியில். யுவி ஃபில்டரைத் தூசிக் காப்பாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதனால் பயனில்லை.

போலரைசர் பழைய லீனியர் வகையா என்று அறிய, லென்ஸில் திருகும் பக்கத்தை முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் காட்டி, ஃபில்டர் வழியாகவே அதன் பிம்பத்தைப் பாருங்கள். இருண்டு தெரிந்தால் சர்குலர். எப்படித் திருப்பினாலும் வெளிச்சமாகவே இருந்தால் லீனியர். டிஎஸ்எல்ஆரில் பாதி ஒளியை விடும் மிரர் இருப்பதால் லீனியர் வகை மீட்டரையும் ஃபோகஸையும் குழப்பும். மிரர் இல்லாத இடத்தில் அந்தத் தொல்லை இல்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எம்42 லென்ஸைப் பழைய வளையத்தோடு அப்படியே அடாப்டரில் மாட்டலாம். வளையத்தில் சிப் இல்லையென்றால், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் இயக்குங்கள். இல்லாவிட்டால் பட்டன் அழுத்தியும் ஒன்றும் நடக்காது. லென்ஸின் பின்னால் சிறு ஊசி இருந்து, வளையம் அதை அழுத்தவில்லை என்றால் அப்பர்ச்சர் மூடாது. லென்ஸில் ஆட்டோ-மேனுவல் சுவிட்ச் இருந்தால் மேனுவலில் வையுங்கள். எஃப்/11-க்கு மூடினாலும் வியூஃபைண்டர் இருளாமல் இருப்பது மிரர்லெஸ் தரும் சுகம்.

ஆர்10-ஆ ஆர்7-ஆ? ஆர்7-இன் உடலுக்குள்ளேயே நடுக்கம் தணிக்கும் வசதி உண்டு, ஆர்10-இல் இல்லை. எம்42-ஐயும் 50-ஐயும் கையில் பிடித்தே எடுப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் 1:1 நெருக்கத்தில் படத்தைக் கெடுப்பது உடல் முன்னும் பின்னும் அசைவதுதான். அதை எந்தக் கேமராவாலும் தணிக்க முடியாது. டிரைபாடோ ஃபிளாஷோ வைத்துப் பூச்சி எடுப்பதானால் ஆர்10 போதும், மிச்சப் பணத்தில் அடாப்டர் வாங்குங்கள். 550டி-யின் ஆர்எஸ்-60இ3 ரிமோட் கேபிள் இரண்டிலுமே பொருந்தும். பேட்டரிகள் பொருந்தாது.