குளோபல் ஹெல்த் (உலக அளவிலான பொது சுகாதாரம்) படிக்க வெளிநாடு போகலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: எம்பிபிஎஸ் இப்போதுதான் முடித்தேன் அக்கா. உடனே லண்டனிலோ அமெரிக்காவின் பால்டிமோரிலோ எம்பிஎச் (பொது சுகாதார முதுகலை) சேரலாமா?

சேரலாம், ஆனால் இரண்டு வருஷம் பொறுத்துப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காசநோய் திட்டத்திலோ வேலை பார்த்தவருக்கு, மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களைப் பற்றி வகுப்பில் பேச்சு வரும்போது தான் பார்த்த முகங்கள் ஞாபகம் வரும், கேள்வியும் அங்கிருந்தே வரும். நேரே போகிறவருக்கு அது பரீட்சைக்கான பாடம், அவ்வளவுதான். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கும் இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் இரண்டு வருஷமாவது ஊர் திரும்பியிருக்க வேண்டும்.

கேள்வி: குளோபல் ஹெல்த் என்ற பெயரிலேயே கோர்ஸ் இருக்கிறதே?

பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். எபிடெமியாலஜி (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராய்வது), பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவப் புள்ளியியல்), ஹெல்த் எகனாமிக்ஸ் (சுகாதாரப் பொருளாதாரம்), இதில் ஒன்றாவது கையில் நன்றாகப் படிந்திருந்தால்தான் பிறகு வேலை கிடைக்கும்.

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர்களுக்கு மட்டும்தானா இது?

இல்லவே இல்லை. தைரியமாக விண்ணப்பியுங்கள், வார்டு அனுபவத்தை விரிவாக எழுதுங்கள்.

கேள்வி: படித்து முடித்தால் ஜெனீவாவில் வேலை கிடைக்குமா மேடம்?

அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம் தம்பி. ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தில் இளம் அதிகாரிகளுக்கான ஜேபிஓ இடங்களுக்குப் பணம் தருவது பணக்கார நாடுகளின் அரசுகள், பெரும்பாலும் அவரவர் நாட்டுக்காரர்களுக்குத்தான் தருகிறார்கள். நம் பாதை வேறு, அது ஒன்றும் குறைந்த பாதையும் இல்லை. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தைப் பாருங்கள். நோயாளியை சானடோரியத்தில் (காசநோய்க்கான தனி மருத்துவமனை) வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகிறது என்று 1959இல் இங்கிருந்து வந்த முடிவுதான் உலகம் முழுக்க காசநோய் சிகிச்சையையே மாற்றியது. சௌமியா சுவாமிநாதன் லாஸ் ஏஞ்சல்ஸில் குழந்தைகள் நுரையீரல் மருத்துவத்தில் பயிற்சி முடித்து, திரும்பி வந்து இதே மையத்தில் பல வருஷம் காசநோய் ஆராய்ச்சி செய்தார், அப்புறம்தான் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனார். வெளிநாட்டுப் படிப்பு அவருக்குக் கருவியைக் கொடுத்தது, பெயர் வாங்கித் தந்தது சேத்துப்பட்டில் செய்த வேலை. இந்த வரிசையை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

கேள்வி: வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கப் போகிறேன். சரியா?

வேண்டாம், தயவுசெய்து. பொது சுகாதாரத்தில் ஆரம்பச் சம்பளம் அந்த வட்டியைத் தாங்காது. பிரிட்டனில் பாடவழி முதுகலை படிப்பவர்கள் குடும்பத்தை அழைத்துப் போவதையும் 2024 ஜனவரியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதையும் யோசியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகைகளுக்கு முயற்சி செய்யுங்கள். கிடைக்கவில்லையா, சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்திலேயே எம்பிஎச் இருக்கிறது, தரமான படிப்பு.

கேள்வி: அட்மிஷன் கிடைத்துவிட்டது, செப்டம்பரில் கிளம்புகிறேன். இப்போதே செய்ய வேண்டியது ஏதாவது?

ஆய்வேட்டுக்கு உங்கள் மாவட்டத்துத் தரவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். அனுமதியும் எதிக்ஸ் ஒப்புதலும் வர மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருஷப் படிப்பில் அங்கே போய் ஆரம்பித்தால் நேரம் போதாது.