கொட்டகையில் கிடக்கும் கதிரறுப்பு இயந்திரம் எங்கே பிறந்தது?

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நாங்கள் வாங்கிய பண்ணை வீட்டுக் கொட்டகையில், குதிரை பூட்டி ஓட்டும் பழைய அறுவடை இயந்திரம் ஒன்று இருக்கிறது. கதிரை அறுத்து, தானே கட்டாகக் கட்டிக் கீழே தள்ளும் வகை என்கிறார்கள். வார்ப்பிரும்பு இருக்கையில் ‘டீரிங்’ என்றும், ஒரு பற்சக்கர மூடியில் ‘ஹாமில்டன்’ என்றும் இருக்கிறது. முடிச்சுப் போடும் பகுதியில் வரிசையாகத் தேதிகள் உள்ளன. கடைசித் தேதி 1890களைச் சேர்ந்தது. இது 1890களில் சிக்காகோவில் செய்யப்பட்டதென்று கொள்ளலாமா?

பதில்: அப்படிக் கொள்ள வேண்டாம். நீங்கள் கண்ட மூன்று அடையாளங்களில், ஒன்டாரியோ நகரமொன்றின் பெயரான ‘ஹாமில்டன்’ என்பதே அதிகம் பேசுகிறது. மற்ற இரண்டும் எளிதில் ஏமாற்றக்கூடியவை.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். அவை காப்புரிமை வழங்கப்பட்ட நாள்களே அன்றி, இயந்திரம் செய்யப்பட்ட நாள்கள் அல்ல. ஒரே வார்ப்பச்சைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியதால், பழைய தேதிகள் புதிய இயந்திரங்களிலும் தொடர்ந்தன. ஆகவே கடைசித் தேதிக்கு முன்பு அந்த உறுப்பு வார்க்கப்பட்டிருக்க முடியாது என்று மட்டுமே சொல்லலாம்; எவ்வளவு பின்பு என்பதை அது சொல்லாது. முடிச்சுப் பகுதி தயாரிப்பாளரையும் காட்டிக்கொடுக்காது. விஸ்கான்சினைச் சேர்ந்த ஜான் ஆப்பிள்பி 1870களின் இறுதியில் உருவாக்கிய கயிற்று முடிச்சு முறையை, அறுவடை இயந்திரத் தயாரிப்பாளர் வில்லியம் டீரிங் முதலில் பெரிய அளவில் கையாண்டார். பிறகு போட்டி நிறுவனங்களும் உரிமம் பெற்று அதையே பொருத்தின. அதற்கு முன்பு கதிர்க்கட்டுகளைக் கம்பியால் கட்டிவந்தார்கள். கம்பித் துண்டுகள் மாட்டின் வயிற்றுக்குள் போகும் என்ற அச்சத்தால் உழவர்கள் கயிற்றை மனமார வரவேற்றார்கள்.

இருக்கையோ, இயந்திரத்தை விட்டு மிக எளிதாகக் கழன்று வரும் உறுப்பு. உடைந்தால் பக்கத்துப் பண்ணையிலிருந்து எதையாவது கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள். பெயர் பொறித்த இருக்கைகளை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு. இருக்கையின் பெயர் மற்ற வார்ப்புகளிலும் இருந்தால்தான் அதை நம்பலாம்.

இனி ஹாமில்டன். வில்லியம் டீரிங் 1880இல் சிக்காகோவில் தொழிலை நிலைநிறுத்தினார். 1902இல் டீரிங், மெக்கார்மிக், பிளானோ, மில்வாக்கி, சாம்பியன் ஆகிய ஐந்து அறுவடை இயந்திரத் தொழில்களும் ஒன்றாகி இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் உருவானது. டீரிங் தரப்பு ஹாமில்டனில் கால் பதித்ததும் அந்த இணைப்பை ஒட்டிய காலத்தில்தான். எனவே அந்த மூடி மூல உறுப்பாக இருந்தால், உங்கள் இயந்திரம் 20ஆம் நூற்றாண்டில் கனடாவிலேயே செய்யப்பட்டது. இணைப்புக்குப் பிறகும் மெக்கார்மிக், டீரிங் பெயர்கள் தனித்தனியே விற்பனையில் இருந்தன. அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கின் முடிவாக 1918இல் நிறுவனம் சில பெயர்களை விற்க நேர்ந்தது. 1920களில் ‘மெக்கார்மிக்-டீரிங்’ என்ற இணைபெயர் பரவியது. ஆகவே டீரிங் தனித்து நிற்கிறதா, மெக்கார்மிக்குடன் சேர்ந்து நிற்கிறதா என்பது ஏறத்தாழ இருபது ஆண்டு வித்தியாசத்தைக் காட்டக்கூடிய செய்தி.

அடுத்து உறுப்பு எண்களைத் தேடுங்கள். பெரிய சக்கரத்தின் குடம், நெம்புகோல்களின் அடிப்பகுதி, பற்சக்கரங்களின் உட்பக்கம் ஆகியவற்றில் எழுத்தும் எண்ணும் கலந்த புடைப்புகள் இருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துவிடாதீர்கள். துருவோடு சேர்ந்து, மூல வண்ணத்தின் கடைசிச் சுவடும் போய்விடும். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்து, சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்து மெதுவாகத் தேயுங்கள். மேடான எழுத்துகளில் மட்டும் வெள்ளை ஏறும். பக்கவாட்டிலிருந்து கைவிளக்கை அடித்துப் படம் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழலால் எழுந்து நிற்கும். ஐந்தாறு எண்களாவது கிடைத்த பிறகே உதிரிப்பாகப் பட்டியல்களோடு ஒப்பிடுங்கள். ஒற்றை எண்ணை நம்பி முடிவுகட்டுவது, பிற இயந்திரத்தின் உறுப்பு ஒட்டியிருந்தால் முழுத் தவறாகிவிடும்.

கேள்வி: அந்தப் பட்டியல்கள் எங்கே கிடைக்கும்? பக்கத்துப் பண்ணையில் ‘மாஸி’ என்று மட்டும் பொறித்த இயந்திரம் ஒன்றும் உள்ளது.

பதில்: அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் வரலாற்றுக் கழகம் மெக்கார்மிக், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆவணத் தொகுப்பைப் பாதுகாக்கிறது. விளம்பரங்கள், பட்டியல்கள், ஒளிப்படங்கள் அங்கே ஏராளம். எழுதும்போது உங்கள் ஊகத்தைச் சொல்லாமல், உறுப்பு எண்களையும் படங்களையும் மட்டும் அனுப்புங்கள். பார்ப்பவர் தம் வழியில் முடிவுக்கு வரட்டும்.

பக்கத்துப் பண்ணை இயந்திரம் எனக்கு அதிக ஆவலைத் தருகிறது. மாஸி நிறுவனம் 1879இல் டொரன்டோவுக்கு இடம்பெயர்ந்து, 1891இல் பிரான்ட்ஃபோர்டின் ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்து மாஸி-ஹாரிஸ் ஆனது. வார்ப்புகளில் ‘ஹாரிஸ்’ இல்லாமல் ‘மாஸி, டொரன்டோ’ என்று மட்டும் இருந்தால், வடிவம் 1879க்கும் 1891க்கும் இடைப்பட்டதாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. அதற்குரிய தொகுப்பு உங்கள் மாகாணத்திலேயே, குவெல்ஃப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பண்ணைக்காரரிடம், அதைப் பழைய இரும்புக்கு எடைபோடுவதற்கு முன் வார்ப்பெழுத்துகளை ஒருமுறை படம் எடுக்க அனுமதி கேளுங்கள்.