“குழந்தைக்கு எந்த மதப் பெயர்?” என்று பதிவு அலுவலகத்தில் கேட்டால்

கோவையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இவர் மதுரைப் பக்கம் இந்துக் குடும்பம், கணவர் மேலப்பாளையத்து முஸ்லிம். 2022-இல் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம், இருவருமே மதம் மாறவில்லை. ஏழு மாதப் பெண் குழந்தை. பிறப்பைப் பதிந்தாயிற்று, பெயர் மட்டும் இன்னும் ஏறவில்லை. மாமியார் ‘ஆயிஷா’ என்கிறார், இவருடைய அப்பா ‘மீனாட்சி’ என்கிறார், இவர்கள் இருவரும் ‘நிலா’ என்று முடிவு செய்துவிட்டார்கள். பெயர் பதியப் போன இடத்தில் ஊழியர், “அப்பா பேரு முஸ்லிம் பேரு, குழந்தைக்கு இப்படிப் பேரு வெச்சா எப்படி? எந்த மதம்னு முடிவு பண்ணுங்க, மதம் மாறியிருந்தா கெஜட் கொண்டாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். துபாயில் வேலை பார்க்கும் கணவர் லீவு முடிந்து அடுத்த மாதம் கிளம்புகிறார், அப்புறம் குழந்தையையும் அங்கே அழைத்துப்போக வேண்டும். இதற்கு நடுவில் அப்பா, “துலுக்கப் பேரு வெச்சா என் சொத்துல ஒரு பைசா வராது” என்று சொல்லிவிட்டாராம். “அலுவலகத்தில் இப்படி மறுக்கலாமா, இரண்டு பெயரையும் சேர்த்து வைக்கலாமா, பெயரால் சொத்து, பள்ளிக்கூடம், சாதிச் சான்றிதழ் எதற்காவது பின்னால் பிரச்சினை வருமா?” என்று கேட்கிறார்.

முதலில் அந்த அலுவலகத்தைப் பார்ப்போம். மறுக்க முடியாது. குழந்தையின் பெயர் எந்த மதத்தைச் சேர்ந்தது என்று கேட்கும் அதிகாரம் பதிவாளருக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்வது ரொம்ப எளிமையான விஷயம்: பெயரில்லாமல் பிறப்பு பதிவாகியிருந்தால், பெற்றோரோ காப்பாளரோ பெயரை வாய்மொழியாகவோ எழுத்திலோ பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். அப்பா பெயரோடு ஒத்துப்போக வேண்டும், தாத்தா சம்மதிக்க வேண்டும், கெஜட் வேண்டும் என்றெல்லாம் அதில் ஒரு வரிகூடக் கிடையாது. நீங்கள் மதம் மாறவே இல்லை, அப்புறம் எங்கிருந்து கெஜட் கொண்டுபோவது?

அந்த ஊழியர் எதில் குழம்பியிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பிறப்பு அறிக்கைப் படிவத்தில் இரண்டு பகுதி உண்டு. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, இடம், பெற்றோர் பெயர், முகவரி எல்லாம் சட்டப் பகுதி. மதம், பெற்றோரின் படிப்பு, தொழில், குழந்தையின் எடை போன்றவை புள்ளிவிவரப் பகுதி. இந்த இரண்டாவது பகுதி அரசாங்கத்தின் கணக்கெடுப்புக்குப் போகிற விவரம். உங்கள் கைக்கு வரும் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், அதில் மதம் என்று ஒரு கட்டமே இருக்காது. உங்கள் விஷயத்தில் பிறப்பு ஏற்கெனவே பதிவாகிவிட்டது, அதாவது அந்தப் பகுதியெல்லாம் முடிந்த கதை. இப்போது நடக்க வேண்டியது வெறும் பெயர் சேர்ப்பு.

அதனால் வாய்ப்பேச்சாகப் போய் நிற்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் குழந்தை பிறந்த தேதி, மருத்துவமனை, பதிவு எண், கர்ப்ப காலப் பதிவில் உங்களுக்குத் தந்த பிக்மி எண், பெற்றோர் இருவர் பெயர் எல்லாம் எழுதி, “எங்கள் மகளுக்கு இந்தப் பெயரைப் பதிவு செய்யக் கோருகிறோம், பிரிவு 14” என்று குறிப்பிட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரைப் பெரிய எழுத்தில் தெளிவாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். திருமணப் பதிவுச் சான்றின் நகல், ஆதார் நகல் வைத்தால் போதும். இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். வாங்க மாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் இந்தக் காரணத்தை யாரும் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டார்கள். அப்படியும் தீரவில்லையென்றால், 2023-இல் வந்த திருத்தத்தில் 25ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள், பதிவாளரின் செயலால் பாதிக்கப்பட்டவர் 30 நாளைக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், அவர் 90 நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதற்கு வக்கீல்கூடத் தேவையில்லை, நீங்களே எழுதலாம்.

கணவர் துபாய்க்குப் போய்விட்டால்? ஒருவர் கையெழுத்துப் போட்டாலும் சட்டப்படி போதும். 2023-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பிரிந்து வாழும் கணவன் மனைவி, அம்மா ஒரு பெயர் சொல்ல அப்பா வேறு பெயர் சொல்ல, பதிவு அலுவலகம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் ஆயிற்று என்று நின்றுவிட்டது. மூன்று வயதுக் குழந்தை, பள்ளிக்கூடத்தில் பெயரில்லாத சான்றிதழை ஏற்கவில்லை. இருவரும் வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்று சுட்டிக்காட்டிய நீதிமன்றம், கடைசியில் அம்மா சொன்ன பெயரோடு அப்பாவின் பெயரையும் சேர்த்துத் தானே ஒரு பெயரைச் சூட்டிவிட்டது. குழந்தையின் நலன், பண்பாடு, பெற்றோரின் விருப்பம், சமூக வழக்கம் ஆகியவற்றைப் பார்ப்போம் என்றுதான் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அடுத்த வருடமே மைசூரு மாவட்டம் ஹுன்சூரிலும் பெயர்ச் சண்டை கோர்ட்டுக்குப் போய், நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் குழந்தைக்குப் பெயர் அமைந்தது. நீங்கள் இருவரும் ஒரே பேச்சில் இருக்கிறீர்கள், அதுவே பெரிய பலம். இருந்தாலும் கணவர் இங்கே இருக்கும்போதே இருவர் கையெழுத்தோடு முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், பின்னாளில் எந்தச் சொந்தக்காரரும் “அவனுக்குத் தெரியாம வெச்சுட்டா” என்று பேச இடம் இருக்காது.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது, அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். “15 வருஷம் இருக்கே, பெரியவங்க கோபம் ஆறட்டும்” என்று விட்டுவிடாதீர்கள். 2023 அக்டோபர் 1-ஆம் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்றாகிவிட்டது. அதில் ஏறும் பெயர்தான் பின்னால் எல்லா இடத்துக்கும் போகும். ஏறிய பிறகு மனம் மாறினால் கஷ்டம். எழுத்துப்பிழை இருந்தால் 15-ஆவது பிரிவில் திருத்தலாம், ஆனால் மாமியாரைச் சமாதானப்படுத்த நிலாவை ஆயிஷாவாக மாற்றுவது பிழைத்திருத்தத்தில் வராது. கெஜட்டில் பெயர் மாற்றலாம்தான், அதனால் பதிவேட்டில் இருக்கும் பெயர் தானாக மாறிவிடாது, குழந்தை வாழ்நாள் முழுக்க இரண்டு காகிதத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

சரி, இரண்டு பெயரைச் சேர்ப்பது. சட்டத்தில் தடையே இல்லை. ‘நிலா ஆயிஷா’, ‘ஆயிஷா மீனாட்சி’, எது வேண்டுமானாலும் வைக்கலாம். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 2019 பிப்ரவரியில் சாதி மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்கிய திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா தன் மூன்று மகள்களுக்கும் இப்படி வெவ்வேறு மதப் பெயர்களைக் கலந்துதான் வைத்திருக்கிறார். என்னுடைய யோசனை வேறு இடத்திலிருந்து வருகிறது, துபாயிலிருந்து. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு விதி கொண்டுவந்தது: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடுவதில்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கிறோம் என்று பிறகு தளர்த்தினார்கள். நம் ஊரில் இனிஷியலோடு ஒற்றைப் பெயர் வைக்கும் வழக்கத்தால் அந்தச் சமயத்தில் எத்தனையோ தமிழர்கள் தவித்தார்கள். உங்கள் குழந்தை அங்கே போய் வரப்போகிற குழந்தை. பிறப்புச் சான்றிதழிலேயே பெயர் இரண்டு சொல்லாக இருந்துவிட்டால் பாஸ்போர்ட் படிவத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்துப் போட வசதி. இரண்டாவது சொல்லாகக் குழந்தையின் அப்பா பெயரை வையுங்கள். உங்கள் அப்பாவுக்கு அது வருத்தமாகப் படாது, இங்கே எல்லார் பெயரோடும் அப்பா பெயர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்று சொல்லாகப் போட்டு இரண்டு வீட்டையும் திருப்தி செய்யப் பார்க்காதீர்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி என்று உடைந்து, அதைச் சரிசெய்யவே என்னைப் போன்றவர்களிடம் வருகிறார்கள்.

ஆங்கில எழுத்தையும் இன்றே முடிவு செய்துவிடுங்கள். நிலா என்பதற்குக் கடைசியில் ஒரு ‘ஏ’ போதும், எண்கணிதக்காரர் சொன்னார் என்று இரண்டு போட்டு, ஆதார் எடுக்கும்போது மறந்து ஒன்று போட்டு வைப்பார்கள். ஐந்து வயதுக்குக் கீழே எடுக்கும் நீல நிறக் குழந்தை ஆதாருக்கு (‘பால் ஆதார்’ என்பார்கள்) போகும்போது சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு திரையில் தெரியும் எழுத்தை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

வீட்டுச் சடங்குகளை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். மாமியார் அகீகா கொடுத்து ஆயிஷா என்று கூப்பிடட்டும், உங்கள் அம்மா தொட்டில் போட்டு மீனாட்சி என்று காதில் சொல்லட்டும். பாட்டிகள் ஆசையாகக் கூப்பிடும் பெயருக்கு சட்டத்தில் இடமும் இல்லை, தடையும் இல்லை. அந்தப் பெயர்கள் எந்தப் படிவத்திலும் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்து சொத்து. அப்பா சொன்னது கோபத்தில் வந்த பேச்சு, அதில் சட்டம் இல்லை. அவர் தன் சுயசம்பாத்தியச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், பேத்திக்கு மீனாட்சி என்று பெயர் வைத்தாலும் அந்த உரிமை அவருக்கு உண்டு. உயில் எழுதாமல் காலமானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள் முதல் வகுப்பு வாரிசு. நீங்கள் யாரை மணந்தீர்கள், பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று அந்தச் சட்டம் கேட்பதே இல்லை. பூர்வீகச் சொத்து இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வேறு மதத்தவரைச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணக்கும்போது, அன்றைய தேதியில் கூட்டுக் குடும்பத்திலிருந்து நீங்கள் பிரிந்துவிட்டதாக 19-ஆவது பிரிவு கருதுகிறது. பிரிந்ததாகத்தான் அர்த்தம், பங்கு போய்விட்டதாக இல்லை. உங்கள் இருவரின் சொத்தும் மகளுக்குப் போவது 21-ஆவது பிரிவின்படி 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், அதிலும் பெயருக்கு வேலை இல்லை. நிக்காஹ் செய்துகொள்ள மதம் மாறியிருந்தால் நிலைமை வேறு. மாறிய பிறகு பிறந்த குழந்தைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை சிக்கலாகும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்கள் அந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சாதி, மதக் கட்டங்களை விருப்பமில்லாவிட்டால் காலியாக விடலாம் என்று 1973-லேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டிருக்கிறது. சேர்க்கும் இடத்தில் தெரியாது என்றால் அரசாணை எண் 1210 என்று சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ் தனி விவகாரம், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று விசாரித்துத் தருவது. பெற்றோரில் ஒருவரின் சமூகத்தைக் குழந்தைக்குக் கேட்க நம் மாநிலத்தில் வழி இருக்கிறது. கணவரின் சமூகம் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் இருந்தால் அதற்கு 2007 முதல் 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு உண்டு. எந்தப் பக்கம் கேட்பது என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்து, அதே முடிவில் நில்லுங்கள், ஒரு இடத்தில் ஒன்று இன்னொரு இடத்தில் வேறொன்று என்று சொன்னால்தான் சிக்கல். நிலா என்ற பெயரை மட்டும் காட்டி “இவள் முஸ்லிம் இல்லை” என்று யாரும் மறுக்க முடியாது, பெயர் மட்டுமே மதத்துக்குச் சான்றாகாது.

உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் ஜிக்யா யாதவ் வழக்கில், பெயர் என்பது ஒருவருடைய அடையாளம், அது கருத்துச் சுதந்திரத்தின் பகுதி என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மனுவில் அந்தத் தீர்ப்பையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். கணவர் கிளம்புவதற்கு முன் பெயர் ஏறிய சான்றிதழைக் கையில் வாங்கிவிட்டால், குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு இருவரும் போட வேண்டிய இணைப்பு டி உறுதிமொழியையும் அந்த லீவிலேயே கையெழுத்திட்டு முடித்துவிடலாம். பதினைந்து நாளில் பதில் வரவில்லை என்றால் முத்திரை வாங்கிய பிரதியோடு எனக்கு எழுதுங்கள், மேல்முறையீட்டு மனுவின் மாதிரியை அனுப்பி வைக்கிறேன்.