கிறிஸ்தவ சர்வதேசப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்குமுன்: வாசகர் கேள்வி – பதில்

கொழும்பில் இருமொழியில் கற்பிப்பதாகச் சொல்லும் கிறிஸ்தவ சர்வதேசப் பாடசாலைகள் பற்றிப் பல கடிதங்கள் வந்திருந்தன. ஒரே விடயத்தைப் பலரும் கேட்டிருந்ததால், அவற்றிலிருந்து ஆறு கேள்விகளை எடுத்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: மூன்று பாடசாலைகளின் கைநூல்களை வாங்கி வந்தோம். மூன்றிலும் தூரநோக்கு, பணிக்கூற்று, விழுமியங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன: அன்பு, நேர்மை, சேவை, கல்வியில் உயர்தரம். எதை வைத்து வித்தியாசம் காண்பது? – வெள்ளவத்தை வாசகி

பதில்: கைநூலை ஒரு பக்கம் வைத்துவிட்டு நேரசூசியைக் கேளுங்கள். உங்கள் பிள்ளை சேரப்போகும் வகுப்பின் நேரசூசியும், அதற்கு மூன்று வகுப்பு மேலே உள்ளதும் வேண்டும். ஒரு பாடசாலை எதை மதிக்கிறது என்பது அது எதற்கு நேரம் ஒதுக்குகிறது என்பதில்தான் தெரியும். வாரத்துக்கு 40 பாடவேளை என்றால் தமிழுக்கு எத்தனை, வேதாகம வகுப்புக்கு எத்தனை, விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மேல்வகுப்புக்குப் போகப் போகத் தமிழும் சங்கீதமும் காணாமல் போனால், கைநூலில் உள்ள வாக்கு தரம் 5 வரைக்கும்தான் என்று கொள்ளுங்கள்.

'சேவை' என்று எழுதியிருந்தால், இந்தத் தவணையில் எந்த வகுப்பு எங்கே போகிறது, பிள்ளைகள் அங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். நத்தாருக்கு முதியோர் இல்லத்தில் உலர் உணவுப் பொதி கொடுத்துப் படமெடுத்துக்கொண்டு வருவதும், அதே இல்லத்துக்கு ஒவ்வொரு மாதமும் போய் அங்குள்ளவர்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவதும் ஒன்றல்ல.

'அன்பு' என்பதைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "லண்டன் ஓஎல் (பிரித்தானிய சாதாரண தர) பரீட்சையில் சித்தியடைய மாட்டான் என்று நீங்கள் நினைக்கிற பிள்ளையைப் பாடசாலைப் பரீட்சார்த்தியாக எழுத விடுவீர்களா?" நூறு வீதச் சித்தி என்ற பதாகைக்காகப் பலவீனமான பிள்ளையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கச் சொல்வதும், தரம் 9இலேயே வேறு பாடசாலை பார்க்கச் சொல்வதும் நடக்கிற காரியங்கள். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒரு ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனின் உவமையைக் காலைக் கூட்டத்தில் வாசிக்கும் பாடசாலை இதைச் செய்யக்கூடாது. அதிபர் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவக் குடும்பம். வீட்டுக்குக் கிட்ட இருப்பதும் ஒழுக்கம் நல்லதென்று சொல்லப்படுவதும் ஒரு கிறிஸ்தவ சர்வதேசப் பாடசாலை. மகளை மதம் மாற்றிவிடுவார்களோ என்று மாமியார் பயப்படுகிறார். திருநீறு பூசிக்கொண்டு போக விடுவார்களா? – கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: மாமியாரின் பயம் இன்று நேற்று வந்ததல்ல. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர். பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பின்னாளில் சைவரானவர். மிஷன் கல்வி எல்லாரையும் ஒரே பக்கம் இழுத்துவிடவில்லை. ஆனால் பிள்ளையின் மனதில் அது ஒரு தடத்தையும் பதிக்காது என்று நினைப்பதும் சரியல்ல.

முதலில் அது எந்த வகைப் பாடசாலை என்று பாருங்கள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரச உதவி பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது விலகி நின்ற வெஸ்லி, மெதடிஸ்த, லேடீஸ், புனித தோமையார் போன்ற கல்லூரிகள் உள்ளூர்ப் பாடத்திட்டத்தைக் கற்பிப்பவை. அந்தப் பாடத்திட்டத்தில் சமயம் கட்டாயப் பாடம். சைவப் பிள்ளை சைவநெறிக்கே தோற்றலாம். சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின்கீழ் பதிவானவை. அங்கே சைவநெறி வகுப்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருக்கிறதா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தோடு 'விசுவாச அறிக்கை' என்று ஒரு தாள் வரலாம். அதை வரிவரியாக வாசியுங்கள். "இந்த விசுவாசத்தின் அடிப்படையில் பாடசாலை நடத்தப்படுகிறது என்பதை அறிந்து அதை மதிக்கிறோம்" என்றிருந்தால் சைவர் ஒருவர் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் கையெழுத்து வைக்கலாம். "இயேசு கிறிஸ்துவை இரட்சகராக ஏற்றுக்கொள்கிறோம்" என்றிருந்தால் வைக்காதீர்கள். இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக நம்பாததை நம்புவதாக எழுதிக்கொடுத்தால், பிள்ளை முதல் நாளே ஒரு பொய்யோடு அந்த வாசலைத் தாண்டுகிறாள். கிறிஸ்தவக் குடும்பங்களை மட்டுமே சேர்ப்போம் என்று பாடசாலை வெளிப்படையாகச் சொன்னால் அதையும் குற்றமாக எடுக்க வேண்டாம். மறைத்துவைத்துப் பிறகு சொல்வதுதான் பிழை.

அதன் பிறகு, காலை ஆராதனையில் பிள்ளை அமைதியாக நின்றால் போதுமா, அல்லது சேர்ந்து ஜெபிக்க வேண்டுமா? வேதாகமப் பாடத்துக்குப் புள்ளி உண்டா, அது தவணை அறிக்கையின் மொத்தத்தில் சேருமா? பொட்டு, திருநீறு, கையில் கட்டிய நூல் இவற்றுக்கு என்ன விதி? விடுமுறை இல்லாத சைவ விரத நாட்களில் வராமல் நின்றால் வரவு எப்படிக் குறிக்கப்படும்? பெற்றாருக்கு அறிவிக்காமல் பிள்ளையை முகாம்களுக்கோ ஆலய நிகழ்ச்சிகளுக்கோ கூட்டிப்போவார்களா? பதில்களை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்ன உறுதி அதிபர் மாறும்போது மாறிவிடும். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் தருகிறது. நல்ல கிறிஸ்தவப் பாடசாலை இதை மனமார ஏற்கும், ஏனெனில் வற்புறுத்தி வந்த விசுவாசத்தை அதுவும் விசுவாசமாக எண்ணாது.

வீட்டுப் பக்கமும் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலும் ஞாயிறு அறநெறிப் பாடசாலையும் தவறாத பிள்ளைக்குப் பைபிள் கதை இன்னொரு அறிவு. வீட்டில் சமயமே பேசப்படாத பிள்ளைக்கு அது முதல் அறிவு. மாமியாரின் பயத்துக்கு மருந்து பெரும்பாலும் மாமியாரிடமே இருக்கிறது. தேவாரம் சொல்லிக்கொடுக்க அவரைவிட யார் பொருத்தம்?

கேள்வி: 'இருமொழிப் பாடசாலை' என்று நம்பிச் சேர்த்தோம். பிறகு பார்த்தால் ஆங்கிலமும் சிங்களமும்தான். மகன் தரம் 3. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறான், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். மூன்று மொழி சேர்ந்து குழம்பிவிட்டானா? – தெஹிவளை வாசகர்

பதில்: குழம்பவில்லை. தமிழுக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கொழும்பில் 'இருமொழி' என்றால் எந்த இரண்டு மொழி என்று சேர்க்குமுன் கேட்பது முதல் வேலை. இரண்டாவது, தமிழ் ஒரு பாடமா, அல்லது வேறு பாடங்களும் தமிழில் நடக்கின்றனவா? வாரத்தில் மூன்று பாடவேளை தமிழ்ப் பாடம் மட்டும் வைத்துவிட்டு இருமொழிக் கல்வி என்று சொல்வது பொருந்தாது. சுற்றாடலோ கணிதமோ ஏதாவது ஒன்றாவது தமிழில் நடந்தால்தான் சிந்திக்கும் மொழியாகத் தமிழ் வளரும்.

இன்னொன்று, சரளமான பேச்சைப் பார்த்து ஆங்கிலம் வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ் காட்டியபடி, இரண்டாம் மொழியில் விளையாட்டுத் திடல் பேச்சு ஏறத்தாழ 2 ஆண்டில் வந்துவிடும். பாடப்புத்தக மொழியில் ஒத்த வயதினரை எட்ட 5 முதல் 7 ஆண்டு பிடிக்கும். வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். "24 மாம்பழங்களை 5 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் எத்தனை, மீதி எத்தனை?" என்ற கணக்கைத் தமிழில் ஒருநாள், ஆங்கிலத்தில் இன்னொரு நாள் கொடுங்கள். வகுத்தல் தெரிந்த பிள்ளையும் 'மீதி', 'ஒவ்வொருவருக்கும்' என்ற இடத்தில் நின்றுவிடுவான். எந்த மொழியில் நிற்கிறான் என்று பார்த்தால் எந்த மொழியில் வாசிப்புக் குறைகிறது என்று தெரியும். இரண்டிலும் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். தாய்மொழியில் ஒரு கருத்து ஊன்றாமல் இருக்கும்போது ஆங்கிலத்தில் அது மனப்பாடமாக மட்டுமே நிற்கும்.

எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. 'வந்திட்டினம்' என்று கேட்டு வளர்ந்தவனுக்கு 'வந்துவிட்டார்கள்' என்பது புதுச் சொல். ஆகவே அவனை வாசிக்கச் சொல்லுமுன் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். தினம் 15 நிமிடம் போதும்: முதல் 5 நிமிடம் நீங்கள் உரத்து வாசிக்க அவன் விரலால் வரியைத் தொடர்ந்து வர வேண்டும், அடுத்த 5 நிமிடம் அதே பந்தியை இருவரும் சேர்ந்து, கடைசி 5 நிமிடம் அவன் தனியாக. புதுப் பந்தி மறுநாள்தான். 'வாழை'யை 'வாலை' என்று வாசித்தால் இடையில் நிறுத்தித் திருத்தாதீர்கள். வரி முடிந்ததும் சொல்லை மட்டும் சரியாக நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தினால் பிள்ளைக்குக் கதை போய்விடும், கூடவே ஆசையும் போய்விடும். 247 எழுத்தும் அட்டவணையாகப் பாடமாக்கிய பிறகுதான் வாசிப்பு என்று காத்திருக்கவும் வேண்டாம்.

சிங்களம் படிப்பதை ஒரு நட்டமாகக் கருதாதீர்கள். இந்த ஊரில் அது அவனுக்குத் தேவை. பாடசாலையிடம் கேட்க வேண்டியது தமிழுக்கும் ஓர் இடம். ஒரே வகுப்பில் ஏழெட்டுத் தமிழ்ப் பெற்றார் சேர்ந்து எழுத்தில் கேட்டால் ஆசிரியரை நியமிக்கும் சாத்தியம் அதிகம். தனி ஒருவர் கேட்டால் ரியூஷனுக்கு அனுப்பச் சொல்வார்கள்.

கேள்வி: சர்வதேசப் பாடசாலையில் படித்துவிட்டு இங்குள்ள அரச பல்கலைக்கழகம் போகலாமா? – வத்தளை வாசகர்

பதில்: அரச பல்கலைக்கழக அனுமதி உள்ளூர் க.பொ.த. உயர் தரத்தின் இசட் புள்ளியை (பாடங்களுக்கிடையே ஒப்பிடும்படி சமன்படுத்திய புள்ளியை) வைத்தே நடக்கிறது. கொழும்பில் இருந்து எழுதும் லண்டன் ஏஎல் (பிரித்தானிய உயர் தரம்) அந்தக் கதவைத் திறக்காது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உள்ளூர் உயர் தரம் எழுதலாம். ஆனால் பாடத்திட்டமும் வினாத்தாள் முறையும் வேறு என்பதால் இரண்டையும் ஒன்றாக இழுப்பது பிள்ளைக்குப் பெரும் பாரம். இந்த முடிவைத் தரம் 9இலேயே எடுத்துவிடுங்கள். வெளிநாடோ தனியார் பட்டமோதான் நோக்கம் என்றால், அந்தச் செலவை இன்றைய கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் போதகர் இந்தப் பாடசாலையை ஓர் ஊழியம் என்கிறார். கட்டணத்தைப் பார்த்தால் வியாபாரம் போல இருக்கிறது. எதை நம்புவது? – முகத்துவாரம் வாசகர்

பதில்: கட்டணம் அதிகம் என்பதால் மட்டும் ஊழியம் பொய்யாகிவிடாது. அரச மானியம் இல்லை. சம்பளம், கட்டட வாடகை, மின்சாரம் எல்லாம் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். முழுத்தொகையையும் முதலில் எழுதி வாங்குங்கள்: அனுமதிக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புப் பணம், தவணைக் கட்டணம், புத்தகம், சீருடை, போக்குவரத்து. கேம்பிரிட்ஜ், எடெக்செல் ஆகிய பிரித்தானிய நிறுவனங்களின் பரீட்சைக் கட்டணம் ஸ்டேர்லிங் பவுணோடு ஏறி இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வைப்புப் பணத்தைத் திருப்பிப் பெற எத்தனை தவணைக்கு முன் அறிவிக்க வேண்டும் என்ற வரியில்தான் பலரும் பணத்தை இழக்கிறார்கள்.

ஊழியமா என்று அறிய இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கட்டணச் சலுகை: அது எழுதப்பட்ட விதிப்படி ஒரு குழுவால் தீர்மானிக்கப்படுகிறதா, அல்லது தெரிந்தவர்களுக்கு மட்டுமா? தகப்பன் வேலை இழந்தால் நடுத்தவணையில் பிள்ளைக்கு என்ன நடக்கும்? மற்றது, ஆசிரியர் சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம். இவை சட்டப்படி கட்ட வேண்டியவை. 'இது கர்த்தருடைய பணி' என்று சொல்லி ஆசிரியரின் சேமலாபத்தைக் கட்டாமல் விடும் பாடசாலையில் 'நேர்மை' சுவரில் மட்டும்தான் இருக்கிறது. "வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்" என்பதும் வேத வசனமே. ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருந்தால் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

கேள்வி: எங்கள் சபை சிறிய இருமொழிப் பாடசாலை ஒன்றைத் தொடங்குகிறது. பணிக்கூற்று எழுதும் குழுவில் நான் இருக்கிறேன். எப்படித் தொடங்குவது? – தெமட்டகொடை வாசகி

பதில்: ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டுத் தமிழாக்கம் செய்ய வேண்டாம். இரு மொழியிலும் இரண்டு பேர் தனித்தனியே எழுதி, பிறகு ஒன்றாக இருந்து ஒத்துப்பாருங்கள். மூன்று வசனம் போதும்: யாருக்காக, என்ன கற்பிக்கிறோம், எந்த விசுவாசத்தில் நின்று. விழுமியங்கள் நான்குக்கு மேல் போனால் ஆசிரியர்களுக்கே நினைவில் நிற்காது.

ஒவ்வொரு விழுமியத்துக்கும் எதிரே மூன்று நிரல் போடுங்கள்: பிள்ளை என்ன செய்வாள், ஆசிரியர் என்ன செய்வார், நிர்வாகம் என்ன செய்யும். 'மன்னிப்பு' என்று எழுதினால், சண்டை பிடித்த இரு பிள்ளைகளை யார், எந்த அறையில், எத்தனை நாளுக்குள் இருத்திப் பேசுவது என்று நிரப்ப வேண்டும். நிர்வாகத்தின் நிரலை நிரப்ப முடியாத விழுமியத்தை வெட்டிவிடுங்கள். பிரம்பு இல்லை என்பதையும், முறைப்பாடு வந்தால் யாரிடம் போவது என்பதையும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தையும் அதே ஆவணத்தில் சேருங்கள். அன்பைப் பேசும் இடங்களில்தான் முறைப்பாடுகள் 'சபையின் பெயர் கெட்டுவிடும்' என்று மூடப்படும் ஆபத்து அதிகம்.

வரைவு முடிந்ததும் வாயிற்காவலர், சாரதி, சுத்திகரிப்புப் பணியாளர் ஆகியோருக்கு வாசித்துக் காட்டி, விளங்கியதைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் வசனத்தைத் திருத்தி எழுதுங்கள். ஒரு வருடம் பரீட்சார்த்தமாக வைத்திருந்து, பெற்றாரையும் கூட்டிப் பேசிய பிறகு சுவரில் எழுதலாம்.