அமெரிக்காவின் முதல் இரு கட்சிகளும் அரசியலமைப்புக்கு எப்படி வேறுவேறு பொருள் கொண்டன?

முதுகலைத் தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் வழிகாட்டி நூலின் அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள். முதல் நிதியமைச்சர் ஹாமில்டனின் ஃபெடரலிஸ்ட் கட்சிக்குத் 'தாராளப் பொருள்' (எழுதாத அதிகாரமும் உள்ளடங்கும்), வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனின் ஜனநாயகக் குடியரசுக் கட்சிக்குக் 'கறாரான பொருள்' (எழுதியது மட்டுமே) என்று இரண்டு கட்டம் போட்டு முடித்திருப்பார்கள். நானும் அதைத்தான் முதலில் மனப்பாடம் செய்தேன்.

சண்டை வெடித்தது 1791இல், தேசிய வங்கியை வைத்து. வங்கி தொடங்கும் அதிகாரம் அரசியலமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் தனக்குத் தரப்பட்ட அதிகாரங்களைச் செயல்படுத்த 'அவசியமான, பொருத்தமான' சட்டங்களைக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றலாம் என்கிறது முதல் உறுப்பின் 8ஆம் பிரிவு. வங்கி வசதிதான், வசதி வேறு, அவசியம் வேறு என்றார் ஜெஃபர்சன். நோக்கத்துக்கு உதவுவதும் பயன்படுவதும்கூட 'அவசியம்' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்றார் ஹாமில்டன். இருவரும் எழுதிக் கொடுத்ததைப் படித்த அதிபர் வாஷிங்டன், பிப்ரவரி 25 அன்று மசோதாவில் கையெழுத்திட்டார்.

என் வழிகாட்டி நூலில் 'அவசியமான' (necessary) என்ற அந்தச் சொல்லை 'இன்றியமையாத' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். பிரித்துப் பாருங்கள்: இன்றி அமையாத. அது இல்லாமல் காரியம் நடக்காது. அதுவேதான் ஜெஃபர்சனின் வாதம்! இப்படி எழுதிவிட்டால் ஹாமில்டன் சட்டத்தை வளைத்தவராகத்தான் தெரிவார். தமிழ்வழியில் படித்த நாங்கள் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் நம்பினோம்.

தேர்வில் இதை எழுதினேன். 1803ஐயும் சேர்த்தேன். அதிபரான ஜெஃபர்சன் லூசியானா நிலப்பரப்பை நெப்போலியனின் பிரான்சிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு வாங்கினார். அதற்கான அதிகாரம் எழுதப்படவில்லை என்று அவருக்கே உறுத்தியது. அரசியலமைப்புத் திருத்தம்கூட எழுதிப் பார்த்தார். நெப்போலியன் மனம் மாறிவிடுவார் என்ற அச்சத்தில் அதை விட்டுவிட்டார். அப்போது 'எங்கே எழுதியிருக்கிறது?' என்று கேட்டவர்களில் பலர் ஃபெடரலிஸ்ட்கள்.

15 மதிப்பெண் வினாவுக்கு எனக்கு 5 கிடைத்தது. 1803 பத்தியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அட்டவணை போட்ட நண்பனுக்கு 12. பணம் கட்டிக் கேட்ட விடைத்தாள் நகல், மறுமதிப்பீட்டுக்கான கடைசி நாள் கழிந்து நான்கு நாளுக்குப் பிறகுதான் தபாலில் வந்தது. அந்த நாளை நிர்ணயிப்பதும் நகலை அனுப்புவதும் ஒரே அலுவலகம். கட்டணத்தை வாங்கிக்கொண்டு மாணவனை இப்படி அலைக்கழிப்பது எந்த நியாயம்?

ஹாமில்டனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் வர வேண்டாம். அரசை விமர்சித்த பத்திரிகைக்காரர்களைச் சிறைக்கு அனுப்பிய 1798ஆம் ஆண்டின் அரசநிந்தனைச் சட்டம் அவருடைய கட்சி கொண்டுவந்தது. அதை ஜெஃபர்சனும் அவருடைய கட்சித் தோழர் மேடிசனும் எதிர்த்தது முழுக்கச் சரி. அதே மேடிசன் 1791இல் வங்கியை எதிர்த்துப் பேசி, 1816இல் அதிபராக இரண்டாவது வங்கிக்குக் கையெழுத்திட்டார்.

தேர்வில் அட்டவணையை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். ஆனால் 'இன்றியமையாத' என்று எழுதாதீர்கள், 1803ஐ விட்டுவிடாதீர்கள்.